இளம் விசுவாசிகளை 'ஆவிக்குரிய பிள்ளைகள்' என்கிறோமே, நடைமுறையில் அதற்கு என்ன பொருள்?

இதற்கு அப்போஸ்தலன் பவுலையும் அவருடைய இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவையும் பாருங்கள். தீமோத்தேயு லீஸ்திராவைச் சேர்ந்தவன். அப்பா கிரேக்கர், அம்மா யூத விசுவாசி. பவுல் அவனைத் தன் 'குமாரன்' என்றே எழுதுகிறார். ஆனால் அவனுடைய சொந்த வீட்டை ஓரங்கட்டவில்லை. பாட்டி லோவிசாளுக்கும் அம்மா ஐனிக்கேயாளுக்கும் இருந்த விசுவாசத்தைப் பேர் சொல்லி நினைவுகூருகிறார்.

கொரிந்தியருக்கு எழுதும்போது, பதினாயிரம் உபாத்தியாயர்கள் இருந்தாலும் தகப்பன்மார் அநேகர் இல்லை என்கிறார். அங்கே 'உபாத்தியாயர்' என்பதற்கு வரும் கிரேக்கச் சொல், பையனைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கண்டிக்கும் வேலையாளைக் குறிப்பது. நம் சபைகளில் வாலிபர்களுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அந்தக் கண்டிப்புதான். எனக்கு இது மிகவும் வருத்தம்.

பவுலோ தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறைக்கூட விசாரிக்கிறார். எபேசு சபையின் பொறுப்பை நம்பி ஒப்படைக்கிறார். இளமையைக் காரணம் காட்டி யாரும் உன்னை அசட்டை பண்ண விடாதே என்கிறார். அப்புறம் சிறையிலிருந்து, மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு, துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா என்று கேட்கிறார். பிள்ளையிடம் தன் தேவையைச் சொல்லத் தயங்காத தகப்பன் அவர்.

1 தீமோத்தேயு 5-ல் ஓர் எல்லையும் உண்டு: வாலிபரைச் சகோதரராகவும், இளம் பெண்களை முழுத் தூய்மையோடு சகோதரிகளாகவும் நடத்த வேண்டும். உறவின் பேரில் அதிகாரம் செய்ய இதில் இடமே இல்லை.

சரி, எங்கே தொடங்கலாம்? இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஊர்விட்டு வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளையை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.