திரை அமைப்பும் கட்டளை வரியும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில், லினக்ஸ் கணினியின் திரை அமைப்பைக் கட்டளை வரியிலிருந்து மாற்றுவது பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் வரும் கட்டளைப் பெயர்களையும் துணைச் சொற்களையும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். திரை அமைப்பைக் காட்டவும் மாற்றவும் பயன்படும் எக்ஸ்ரேண்டர் கட்டளையின் ஒவ்வொரு துணைச் சொல்லுக்கும் முன்னால், இடைவெளி விடாமல் இரண்டு சிறு கோடுகள் இட வேண்டும். விஜிஏ-1, எச்டிஎம்ஐ-1 போன்ற இணைப்புப் பெயர்கள் மட்டும் திரையில் தெரிகிறபடியே பெரிய எழுத்துகளில் அமைய வேண்டும்.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் வடிவமைப்புக்கென வைத்திருக்கும் கணினியில் லினக்ஸ் மின்ட் உள்ளது. மானிட்டரை எதிர் மேசைக்கு மாற்றி, நீளமான விஜிஏ கேபிள் ஒன்றை வாங்கிப் பொருத்தியதிலிருந்து 1024×768க்கு மேல் தெளிவுத்திறன் வருவதில்லை. முன்பு 1920×1080 நன்றாக வந்துகொண்டிருந்தது. இப்போது செட்டிங்ஸ் பகுதியில் அந்த அளவே காணப்படவில்லை. கிராபிக்ஸ் கார்டு பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். கட்டளை கொடுத்துச் சரிசெய்ய வழி உண்டா?
— அச்சக உரிமையாளர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கார்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கார்டு நலமாகவே இருக்கிறது. மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரம்தான் கார்டை எட்டவில்லை.

ஒவ்வொரு மானிட்டரிலும் ஈடிஐடி என்ற பெயரில் 128 பைட் அளவுள்ள ஒரு சிறு குறிப்பு பதிக்கப்பட்டிருக்கும். மானிட்டரின் தயாரிப்பாளர் யார், திரையின் நீள அகலம் எவ்வளவு, எந்தெந்தத் தெளிவுத்திறன்களை எந்த வேகத்தில் காட்ட முடியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். (எச்டிஎம்ஐ வசதி உள்ளவற்றில் இன்னொரு 128 பைட் சேர்ந்து 256 ஆகும்.) கணினி தொடங்கும்போது கார்டு இந்தக் குறிப்பைப் படித்துத்தான் தெளிவுத்திறன் பட்டியலைத் தயாரிக்கிறது. விஜிஏ இணைப்பில் உள்ள 15 ஊசிகளில் 12ஆம் ஊசியும் 15ஆம் ஊசியும் இந்த விவரத்துக்காகவே ஒதுக்கப்பட்டவை. விலை மலிவான நீளக் கேபிள்கள் சிலவற்றில் இவ்விரண்டு ஊசிகளுக்கும் கம்பியே இருப்பதில்லை. படத்துக்கான சிவப்பு, பச்சை, நீலக் கம்பிகள் ஒழுங்காக இருப்பதால் படம் வந்துவிடும், விவரம் வராது. கேபிள் சரியாக இருந்தாலும் இன்னொரு காரணம் நம் பக்கத்து ஊர்களுக்கு உண்டு. கடலோர உப்புக்காற்றில் கனெக்டரின் ஊசிகளில் களிம்பு பிடித்து, தொடர்பு விட்டுப்போவது சாதாரணமாக நடக்கக்கூடியது. கணினியையும் மானிட்டரையும் அணைத்துவிட்டு, கேபிளின் இரு முனைகளையும் கான்டாக்ட் கிளீனர் கொண்டு துடைத்துப் பாருங்கள்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள டெர்மினலைத் திறந்து எக்ஸ்ரேண்டர் என்று மட்டும் தட்டுங்கள்; எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்ற ஆறு எழுத்துகள். விஜிஏ-1 என்று தொடங்கும் வரியின் இறுதியில் திரையின் அகலமும் உயரமும் மில்லிமீட்டரில் வர வேண்டும். அங்கே இரண்டும் 0 எனக் காட்டி, அதன் கீழே 1024×768, 800×600, 848×480, 640×480 ஆகியவை மட்டும் வரிசையாக நின்றால், ஈடிஐடி வந்து சேரவில்லை என்று முடிவு செய்துவிடலாம். எந்த விவரமும் கிடைக்காதபோது, எந்த மானிட்டரும் தாங்கும் என்ற நம்பிக்கையில் கணினி தானாக வைத்துக்கொள்ளும் பட்டியல் அது. செட்டிங்ஸ் சாளரம் இந்தக் காரணத்தைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் சுருக்கிக் காட்டிவிடுகிறது. கட்டளை வரியை நான் விடாமல் பரிந்துரைப்பது இதனால்தான்: நோய் என்னவென்று அது காட்டிக்கொடுக்கிறது.

முதல் மருந்து, எல்லா ஊசிகளுக்கும் கம்பி உள்ள நல்ல கேபிள். அது கிடைக்கும் வரையிலோ, கேபிளை மாற்ற இயலாத நிலையிலோ, மோட் என்னும் கால அளவைக் கணக்கை நாமே கார்டுக்குக் கொடுக்கலாம். சிவிடி என்றொரு கட்டளை உண்டு. அதன்பின் இடைவெளி விட்டு 1920 1080 60 என்று கொடுத்தால், மோட்லைன் என்று தொடங்கும் ஒரு வரியை அது கணக்கிட்டுத் தரும். அதில் முதலில் வரும் எண் 173.00. இத்தனை மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது விநாடிக்கு 17.3 கோடி என்ற கணக்கில், புள்ளிகள் அனுப்பப்படும் என்பது அதன் பொருள். பலரும் இந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். நீளமான விஜிஏ கேபிளில் வேகம் கூடக்கூட எழுத்துகளின் விளிம்பு மங்கும் என்பதால் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒற்றை இணைப்பு டிவிஐ கேபிளுக்கு 165 மெகாஹெர்ட்ஸ்தான் உச்ச வரம்பு என்பதால் அங்கே 173 என்ற எண் செல்லவே செல்லாது.

இதே 1920×1080க்குத் தொலைக்காட்சிகளும் மானிட்டர்களும் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவை ஒன்று இருக்கிறது. அதன் எண்கள் இவை: 148.50, பின் 1920 2008 2052 2200, பின் 1080 1084 1089 1125. திரையில் தெரியும் 1920 புள்ளிகளோடு ஓரத்தில் தெரியாமல் போகும் இடைவெளியும் சேர்ந்து ஒரு வரிக்கு 2200. அதேபோல் வரிகள் 1125. இரண்டையும் பெருக்கினால் 24,75,000. விநாடிக்கு 60 முறை என்று பெருக்கினால் 14,85,00,000, அதாவது 148.5 மெகாஹெர்ட்ஸ். கணக்கு துளியும் பிசகாமல் அமைவதைக் காணலாம்.

இனிச் செய்ய வேண்டியவை மூன்று கட்டளைகள். முதலில் எக்ஸ்ரேண்டர், நியூமோட் என்ற துணைச் சொல், மோடுக்கு ஒரு பெயர் (எஃப்எச்டி என்று வையுங்கள், பெயர் நம் விருப்பம்), பின் மேற்கண்ட ஒன்பது எண்கள், கடைசியில் கூட்டல் குறியுடன் எச்சிங்க், கூட்டல் குறியுடன் விசிங்க். இரண்டாவதாக எக்ஸ்ரேண்டர், ஆட்மோட், விஜிஏ-1, எஃப்எச்டி. மூன்றாவதாக எக்ஸ்ரேண்டர், அவுட்புட், விஜிஏ-1, மோட், எஃப்எச்டி. இவற்றில் அவுட்புட், மோட் இரண்டும் துணைச் சொற்கள் என்பதால் இரண்டுக்கும் முன்னால் கோடுகள் உண்டு. முதல் கட்டளையை அதே பெயரில் மறுபடி கொடுத்தால் பேட்நேம் என்று பிழை வரும். அந்தப் பெயரில் மோட் ஏற்கெனவே இருக்கிறது என்பதே காரணம், அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாம் கட்டளையைக் கொடுக்கும்போது திரை இருண்டுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானது. அக்கட்டளையின் முடிவில் அரைப்புள்ளி இட்டு ஸ்லீப் 15 என்றும், மீண்டும் அரைப்புள்ளி இட்டு, பழைய 1024×768 மோடுக்குத் திரும்பும் கட்டளையையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். படம் வராவிட்டால் 15 விநாடியில் பழைய நிலை தானே திரும்பும். படம் நன்றாக வந்தால் அதற்குள் கன்ட்ரோலும் சி எழுத்தும் சேர்த்து அழுத்தி நிறுத்திவிடலாம்.

இந்த மாற்றங்கள் கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். நிலையாக இருக்க வேண்டுமானால் ஈடிசி அடைவுக்குள் எக்ஸ்11, அதற்குள் எக்ஸ்ஆர்க் டாட் கான்ஃப் டாட் டி என்ற அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, மானிட்டர் என்ற பிரிவில் இதே மோட்லைனையும், விருப்பமான மோட் எஃப்எச்டி என்ற குறிப்பையும் எழுத வேண்டும். அந்தப் பிரிவின் அடையாளப் பெயராக விஜிஏ-1 என்றே கொடுத்தால், எந்த இணைப்புக்கு உரியது என்பதைக் கணினி புரிந்துகொள்ளும். கடவுச்சொல் கேட்கும் திரையும் அப்போது சரியான அளவில் வரும்.

கேள்வி: என்விடியா கார்டில் இரண்டு 1920×1080 மானிட்டர்கள் வைத்திருக்கிறேன். வலப்பக்கத்து மானிட்டரை நிரல் எழுத நெட்டுக்குத்தாக நிறுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கையால் அமைக்காமல் ஒரே கட்டளையில் முடிக்க முடியுமா? வீடியோ பார்க்கும்போது படம் குறுக்கே கிழிந்தாற்போல் தெரிவதற்கும் தீர்வு வேண்டும்.
— பொறியியல் மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் பெயர்களைச் சரிபாருங்கள். என்விடியாவின் சொந்த டிரைவரில் இணைப்புகளின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். எச்டிஎம்ஐ-0, டிபி-0 என்று வரும். மற்ற டிரைவர்களுக்காக எழுதப்பட்ட கட்டளையில் எச்டிஎம்ஐ-1 என்றிருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் அப்படி ஒரு வெளியீடு இல்லை என்றே பதில் வரும்.

இருப்பிடத்தைத் தாளில் வரைந்து கணக்கிடுவது நல்லது. இரு திரைகளும் சேர்ந்து ஒரே பரப்பு. இடப்பக்க மேல் மூலைதான் 0, 0. குத்தாக நிற்கும் திரையின் அகலம் 1080, உயரம் 1920. ஆகவே மொத்தப் பரப்பு 3000×1920. படுக்கையாக உள்ள இடத் திரை மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டால் சுட்டி ஒரு திரையிலிருந்து மறு திரைக்குப் போகும்போது எகிறும். அதை நடுவில் நிறுத்த, 1920இல் 1080ஐக் கழித்துப் பாதியாக்கினால் வரும் 420ஐப் பயன்படுத்துங்கள். எக்ஸ்ரேண்டருக்கு ஒரே வரியில், முதல் அவுட்புட்டுக்கு பாஸ் என்ற துணைச் சொல்லின் கீழ் 0, 420 என்றும், பிரைமரி என்றும், இரண்டாவது அவுட்புட்டுக்கு பாஸின் கீழ் 1920, 0 என்றும், ரொட்டேட் லெஃப்ட் என்றும் கொடுக்க வேண்டும். பாஸின் இரு எண்களுக்கு நடுவே ஆங்கில எக்ஸ் எழுத்து வரும். மானிட்டரை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து லெஃப்ட் என்பது ரைட் ஆகலாம்.

படம் கிழிவதற்கு என்விடியா-செட்டிங்ஸ் என்ற நிரல் உதவும். இதில் துணைச் சொல் சுருக்கமானது, ஒரே கோடுதான் இட வேண்டும். கியூ என்ற எழுத்தோடு கரன்ட்மெட்டாமோட் என்று கேட்டால் இப்போதைய அமைப்பு முழுவதையும் ஒரே வரியாகக் காட்டும். அந்த வரியைப் பிரதியெடுத்து, ஒவ்வொரு திரைக்கும் உரிய நெளிவு அடைப்புக்குள் ஃபோர்ஸ்ஃபுல்காம்பொசிஷன்பைப்லைன் என்பதை ஆன் என்று சேர்த்து, அசைன் என்பதன் சுருக்கமான ஏ என்ற எழுத்தோடு, அதே கரன்ட்மெட்டாமோட் பெயரின் மதிப்பாகத் திரும்பக் கொடுங்கள். கிழிசல் நின்றுவிடும், விளையாட்டுகளில் மட்டும் கொஞ்சம் வேகம் குறையலாம். இவற்றை ஒரு சிறு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, உங்கள் முகப்பு அடைவில் உள்ள எக்ஸ்புரொஃபைல் கோப்பிலிருந்து அழைத்தால், நீங்கள் உள்நுழையும்போதெல்லாம் தானே நடந்துவிடும். என்விடியா-செட்டிங்ஸ் தன் சொந்த அமைப்புக் கோப்பில் திரைகளின் இருப்பிடத்தைச் சேமிப்பதில்லை. அமைத்தது அடுத்த நாள் காணாமல் போகிறது என்ற குறைக்கு அதுவே காரணம்.

கேள்வி: வகுப்பறைப் புரொஜெக்டரை மடிக்கணினியுடன் எச்டிஎம்ஐயில் இணைத்தால், கருப்பு நிறம் சாம்பலாக வெளிறித் தெரிகிறது. படத்தின் நான்கு ஓரங்களும் வெட்டுப்படுகின்றன. இன்டெல் கிராபிக்ஸ். பாடப் படங்களில் பெயர்கள் பாதி மறைந்துபோகின்றன.
— பள்ளி ஆசிரியை, வில்லியனூர், புதுச்சேரி

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். எச்டிஎம்ஐ வழியாக நிறத்தை 0 முதல் 255 வரை முழுதாகவும் அனுப்பலாம், தொலைக்காட்சி வழக்கப்படி 16 முதல் 235 வரை சுருக்கியும் அனுப்பலாம். கணினி சுருக்கி அனுப்ப, புரொஜெக்டர் அதை முழுது என்று எடுத்துக்கொண்டால், கருப்பின் எண் 16 ஆகவே நின்றுவிடும். அந்தச் சாம்பல்தான் நீங்கள் காண்பது. எக்ஸ்ரேண்டருடன் பிராப் என்ற துணைச் சொல் சேர்த்தால் இணைப்பின் பண்புகள் வரிசையாக வரும். அதில் பிராட்காஸ்ட் ஆர்ஜிபி என்பது ஆட்டோமேட்டிக் என்றிருக்கும். அவுட்புட் எச்டிஎம்ஐ-1, செட் என்று கொடுத்து, மேற்கோள் குறிக்குள் பிராட்காஸ்ட் ஆர்ஜிபி, அடுத்த மேற்கோள் குறிக்குள் ஃபுல் என்று எழுதுங்கள். இந்தப் பண்பின் பெயரிலும் மதிப்பிலும் மட்டும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பட்டியலில் உள்ளபடியே பின்பற்ற வேண்டும். கட்டளை கொடுத்தவுடன் கருப்பு கருப்பாகும். மாறாக, நிழல் பகுதிகளெல்லாம் ஒரே இருட்டாகிவிட்டால் பழையபடி ஆட்டோமேட்டிக் ஆக்கிவிடுங்கள்.

ஓரம் வெட்டுப்படுவதைப் புரொஜெக்டரின் சொந்த மெனுவில் ஓவர்ஸ்கேன் என்ற இடத்தில் பூஜ்யமாக்குவதே முறை. அங்கே சரிசெய்தால் எழுத்து கூர்மையாகவே இருக்கும். கணினி பக்கம் படத்தைச் சுருக்கினால் எழுத்தின் கூர்மை கெடும்.

கேள்வி: இரவில் கண் கூசுவதால் எக்ஸ்ரேண்டரின் பிரைட்னஸ் மதிப்பை 0.5 ஆக வைத்தேன். மடிக்கணினியின் பேட்டரி சிறிதும் மிச்சமாகவில்லையே?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஆகாது. அந்தத் துணைச் சொல் நிறங்களின் அளவைத்தான் குறைக்கிறது. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு முன்போலவே எரிகிறது. விளக்கைக் குறைக்க பிரைட்னஸ்சிடிஎல் என்ற நிரலை நிறுவி, செட் என்ற சொல்லோடு 40% என்பது போல ஒரு மதிப்பைக் கொடுங்கள். இந்த நிரலில் செட் என்பதற்கு முன்னால் கோடுகள் கிடையா. எக்ஸ்ரேண்டரில் வைத்ததை 1 ஆக்கிவிடவும்.

கேள்வி: புதிய உபுண்டு நிறுவிய பிறகு எக்ஸ்ரேண்டர் பட்டியலைக் காட்டுகிறது, ஆனால் எந்த மாற்றத்தையும் ஏற்க மறுக்கிறது. பழைய ஸ்கிரிப்டுகள் அனைத்தும் வீணா?
— கணினிப் பயிற்சி மைய ஆசிரியர், நெல்லிக்குப்பம்

பதில்: நிரல்களின் படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் பழைய ஏற்பாடு எக்ஸ் சர்வர், புதியது வேலண்ட். உங்கள் கணினி இப்போது எக்ஸ் சர்வரில் இயங்கவில்லை, வேலண்டில் இயங்குகிறது. உபுண்டு 21.04 முதல் வேலண்டே இயல்பு நிலை, 25.10இல் க்னோம் மேசைத்தளத்துக்கு எக்ஸ் அமர்வே நீக்கப்பட்டுவிட்டது. எக்ஸ்ரேண்டர் காட்டுவது பழைய நிரல்களுக்காக வைத்திருக்கும் ஒரு பிரதிபலிப்பை மட்டும்தான். வேலண்டில் திரையை ஆள்வது அந்தந்த மேசைத்தளம் என்பதால் கட்டளையும் அதற்கேற்ப மாறும். கேடிஈயில் கேஸ்கிரீன்-டாக்டர் இருக்கிறது. க்னோமில் 48ஆம் பதிப்பிலிருந்து ஜிடிசிடிஎல் வந்திருக்கிறது. ஸ்வே போன்றவற்றில் டபிள்யூஎல்ஆர்-ரேண்டர் உதவும்.

எந்த மேசைத்தளமானாலும் செல்லுபடியாகும் வழி ஒன்றும் உண்டு. கர்னல் எனப்படும் இயங்குதள மையப் பகுதியின் தொடக்க வரியில் வீடியோ, சமக்குறி, எச்டிஎம்ஐ-ஏ-1, முக்காற்புள்ளி, 1920×1080, அட் குறி, 60 என்று இடைவெளியின்றிச் சேர்த்தால் கணினி தொடங்கும்போதே அந்த மோடைக் கேட்டுவிடும். எக்ஸ் சர்வரில் எச்டிஎம்ஐ-1 என்று அறிந்திருந்ததைக் கர்னல் எச்டிஎம்ஐ-ஏ-1 என்கிறது என்பதைக் கவனியுங்கள். சரியான பெயரைச் சிஸ் அடைவில் கிளாஸ், டிஆர்எம் என்ற உள் அடைவுகளில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வோர் இணைப்புக்கும் அங்கே ஓர் அடைவு இருக்கும். அதனுள் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு கனெக்டெட் என்று சொல்லும் இணைப்பே உங்களுடையது. உங்கள் மையத்தில் ஒரே வகை மானிட்டர்கள் என்றால், கர்னலைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் அமைப்புக் கோப்பில் இந்த வரியை ஒரு கணினியில் சோதித்துவிட்டு மற்றவற்றுக்கும் அதையே எழுதி, ஒவ்வொன்றிலும் அப்டேட்-கிரப் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள்.