ஊசியும் தெரியணும், பஸ் போர்டும் தெரியணும்

கேள்வி: வயது 46. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் பிளவுஸ் தைக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே கண்ணாடி, இப்போது மைனஸ் 5. ஊசி கோக்கக் கண்ணாடியைக் கழற்றினால் போதும், பளிச்சென்று தெரியும். போன வாரம் கிட்டம், தூரம் இரண்டுக்கும் சேர்த்துப் போடுகிற மல்டிஃபோகல் கான்டாக்ட் லென்ஸுக்கு மாறினேன். பகலில் தூரம் பரவாயில்லை. ஆனால் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவில்லை. ராத்திரி திருவொற்றியூர் ஹை ரோட்டில் ஸ்கூட்டியில் வந்தால் லாரி லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாக வெளிச்சம். கடையில் கேட்டால் ‘பழகிடும்’ என்கிறார்கள். பழகுமா, இல்லை பணம் போச்சா?
*(வாசகி, தண்டையார்பேட்டை)*

பதில்: பணம் போகவில்லை சகோதரி. ஆனால் ‘பழகிடும்’ என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவைத்ததும் சரியில்லை, ஏனென்றால் நீங்கள் சொல்வதில் பழகக்கூடியதும் இருக்கிறது, எத்தனை நாளானாலும் பழகாததும் இருக்கிறது.

வெள்ளெழுத்துக்குப் போடும் பைஃபோகல் கண்ணாடியில் படிக்கிற பவர் கீழே இருக்கும், கண்ணைத் தாழ்த்தினால் அது கிடைக்கும். கான்டாக்ட் லென்ஸ் கருவிழி மேலேயே உட்கார்ந்து கண்ணோடு சேர்ந்து நகர்வதால் அந்த மேல் கீழ் கணக்கு இங்கே எடுபடாது. அதனால் பவரை வளையம் வளையமாக வைக்கிறார்கள். பெரும்பாலான மென் லென்ஸ்களில் நடுவில் கிட்டத்துக்கு, ஓரம் போகப் போகத் தூரத்துக்கு. கிட்டத்துப் பிம்பம், தூரத்துப் பிம்பம் இரண்டும் ஒரே சமயத்தில் விழித்திரையில் விழும், வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவது மூளையின் வேலை. பழகுவது இதுதான். ஒன்றிரண்டு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம். ஒருநாள் போட்டு மறுநாள் கண்ணாடிக்குத் தாவினால் இழுத்துக்கொண்டே போகும். டாக்டர் சொன்ன நேர அளவுக்குள் தினமும் போடுங்கள்.

ஊசி விஷயம் வேறு. மைனஸ் 5 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் சுமார் 20 செ.மீ. தூரத்தில் எந்தச் சிரமமும் இல்லாமல் தெரியும், அது கிட்டப்பார்வைக்காரர்களுக்கு மட்டுமே கிடைத்த சலுகை. லென்ஸ் போட்டதும் அது போய்விடும். போதாததற்கு, அதே ஆள் கண்ணாடி வழியாகக் கிட்டத்தில் பார்ப்பதைவிட லென்ஸ் வழியாகப் பார்க்கக் கண் கொஞ்சம் கூடுதலாக உழைக்கவும் வேண்டும். அதோடு இரண்டு பிம்பம் சேர்ந்து விழுவதால் கருமை வெண்மை வித்தியாசம் சற்று மங்கும். வெள்ளைத் துணியில் சிவப்பு நூலுக்குப் பிரச்சினை இருக்காது, கறுப்பில் கறுப்புதான் அகப்படாது.

இதற்கு முதல் வைத்தியம் வெளிச்சம். டியூப் லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே துணியில் விழும். பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கை, பல்பு கண்ணில் அடிக்காமல் தையல் மேல் மட்டும் விழும்படி வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணின் பாப்பா சுருங்கும், லென்ஸின் நடுப்பகுதிக்கு, அதாவது கிட்டத்துப் பவருக்கு, வேலை கிடைக்கும். அதற்கும் மசியாத கறுப்பு பிளவுஸுக்கு லென்ஸ் மேலேயே சின்ன பவரில் படிக்கிற கண்ணாடி ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். ‘கண்ணாடியே வேண்டாமென்றுதானே இவ்வளவு செலவு’ என்று கோபம் வரும். ஆனால் மெசேஜ், விலைச்சீட்டு, அளவு நோட்டு, பஸ் போர்டு எல்லாவற்றையும் கண்ணாடி இல்லாமல் பார்க்க முடிந்தால் என் கணக்கில் லென்ஸ் தேறிவிட்டது.

ராத்திரி நடப்பது இதற்கு நேர்மாறு. இருட்டில் பாப்பா விரிகிறது, எல்லா வளையமும் சேர்ந்து வேலை செய்கிறது, அதனால்தான் லைட்டைச் சுற்றி வட்டம். நாளாக ஆகப் பலருக்குக் குறையும், முழுக்கப் போகும் என்று நான் சொல்ல மாட்டேன். கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டில் அதைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். இப்போதைக்கு இரவு வண்டிக்குப் பழைய கண்ணாடிதான்.

அப்புறம், எல்லாரும் செய்கிற ஒரு வேலை: ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ‘இதில் தெரியுது, அதில் தெரியலை’ என்று பார்ப்பது. செய்யாதீர்கள். இரண்டு கண்ணுக்கும் வேண்டுமென்றேதான் சில சமயம் கொஞ்சம் மாற்றிக் கொடுத்திருப்பார்கள், இரண்டும் சேர்ந்து பார்ப்பதுதான் கணக்கு.

இரண்டு வாரத்தில் மறுபரிசோதனைக்குப் போகும்போது அந்தக் கறுப்புத் துணி, நூல், ஊசி, உங்கள் போன் எல்லாம் பையில் இருக்கட்டும். சார்ட்டில் எழுத்து வாசிப்பது வேறு, உங்கள் பிழைப்பு வேறு. எந்தக் கண் தூரத்துக்கு முன்னால் நிற்கிறது என்று பார்த்து, மற்றக் கண்ணில் கிட்டத்துப் பவரைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். கால் பவர் மாற்றத்திலேயே ஆளே மாறிவிடுவதுண்டு.

கேள்வி: காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகிறவன். முகத்தில் தண்ணீர் தெறித்து லென்ஸ் உறுத்தினால் குழாயில் அலசிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது அண்ணே. மெட்ரோ வாட்டர், கேன் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்தது எதுவுமே ஆகாது. அகாந்தமீபா என்று ஒரு கிருமி குழாய்த் தண்ணீரிலும் கடல் நீரிலும் இருக்கும். அது கருவிழியைத் தொற்றினால் வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும், பார்வையே போனவர்களும் உண்டு. உங்கள் வேலைக்குத் தினம் ஒரு ஜோடி போட்டுத் தூக்கிப்போடுகிற லென்ஸ்தான் சரி, மல்டிஃபோகலிலும் அது கிடைக்கிறது. தண்ணீர் பட்டதா, சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த கையால் கழற்றி எறியுங்கள். சட்டைப் பையில் கண்ணாடி எப்போதும் இருக்கட்டும். கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்தெல்லாம் வேண்டாம், அன்றைக்கே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 1819-லிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி, பஸ் ஏறினால் பக்கம்தான்.

கேள்வி: ஒரு மாத லென்ஸை விசேஷத்துக்கு மட்டும், பத்துத் தடவைதான் போட்டேன். அடுத்த மாதமும் ஓட்டலாமா?

பதில்: முடியாது. பாக்கெட்டைப் பிரித்த நாளிலிருந்து கணக்கு, போட்ட நாளை வைத்து இல்லை.