ஒட்டா, ஓட்டா?

கேள்வி: யூதர்களே தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம் என்கிறது வேதம். புறஜாதியாராகிய நாமோ விசுவாசத்தினால் அந்த ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்டோம் என்கிறார் பவுல் (ரோமர் 11). அப்படியானால் யூதருடைய தெரிந்துகொள்ளுதல் என்ன ஆயிற்று? தேவன் வாக்கு மாறினாரா? சுருக்கமாகப் பதில் தரவும்.
— பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர், பசுமலை

பதில்: மாறவில்லை.

சுருக்கமாகக் கேட்டீர்கள், தந்தாயிற்று. பக்கத்தில் இன்னும் இடம் கிடக்கிறது, ஒட்டைப் பற்றிப் பேசுவோம்.

நல்லவேளை, நீங்கள் குறிலில் எழுதினீர்கள். சில வருஷங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சுழி கூடிப்போய் 'தேவன் நம்மை ஓட்டவைத்தார்' என்று அச்சாகிவிட்டது. பரமக்குடி வாசகர் ஒருவர் எங்கே ஓட்டவைத்தார், என்ன வண்டி, லைசென்ஸ் உண்டா என்று வரிசையாக நாலு கார்டு போட்டார். நாலாவது கார்டில் சந்தாவை நிறுத்திவிட்டதாகத் தகவல். அப்புறமும் மாதம் தவறாமல் பிழை கண்டுபிடித்து எழுதுகிறார். யாரிடம் இரவல் வாங்கிப் படிக்கிறாரோ, அந்தப் புண்ணியவானாவது சந்தாவைப் புதுப்பிக்கட்டும்.

ஓட்டு என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தல் நினைவுக்கு வராமல் இருக்காது. ஓட்டுக்குப் பணம் என்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று நாடு முழுக்கப் பேர் வாங்கிய தேர்தல். வேதம் சொல்லும் தேர்தல் அதற்கு நேர் தலைகீழ். உபாகமம் 7:7ஐப் பாருங்கள்: நீங்கள் திரட்சியான ஜனம் என்று உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, சகல ஜனங்களிலும் நீங்கள் கொஞ்சமாயிருந்தீர்கள். எண்ணிக்கை குறைந்தவன் ஜெயிக்கிறான். அவன் மனுத்தாக்கல்கூடச் செய்யவில்லை. ஏன் அவன் என்று கேட்டால், அன்பு, பிதாக்களுக்கு இட்ட ஆணை, இந்த இரண்டோடு அடுத்த வசனம் முடித்துக்கொள்கிறது. முடிந்த இடத்தில் நம்மவர்கள் விடுவார்களா? இந்தத் தெரிந்துகொள்ளுதலைப் பற்றித் தீர்மானிக்க நெதர்லாந்தில் டார்ட் நகரத்தில் 1618 நவம்பரில் உட்கார்ந்த சபைப் பெரியவர்கள் 1619 மே மாதத்தில்தான் எழுந்தார்கள். பட்டியலில் தங்கள் பேர் உண்டா என்ற கவலையில் அவர்கள் அத்தனை மாதம் பேசவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சரி, குறிலுக்கு வருவோம். அழகர்கோவில் சாலையில் ஒரு நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறவர் பக்கத்தில் அரைமணி நேரம் குந்தியிருந்து பார்த்தேன். சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் கொட்டை போட்டு முளைத்த நாட்டு மாங்கன்றுகள், பென்சில் தடிமனில். பாதியாக உடைத்த பிளேடால் கன்றின் தலையைச் சீவி, தண்டை நடுவில் பிளந்தார். நல்ல மரத்திலிருந்து வெட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த குச்சியை எடுத்து, நுனியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் இழைத்து, பிளவில் செருகினார். ஒரு பாலித்தீன் நாடா, ஏழெட்டுச் சுற்று. ஒரு நிமிஷம் ஆகவில்லை, அடுத்த கன்றுக்குப் போய்விட்டார்.

நான் வாங்கிய கன்றைக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை சொன்னார்: "கட்டுக்குக் கீழ முளைச்சா உடனே கிள்ளிப் போட்ருங்க சார். விட்டீங்கன்னா மேல உள்ளதைக் கொன்னுரும்." சொன்னதைக் கேட்டேன், செய்யவில்லை. பக்கத்து வீட்டு ஆடு மேல்பாதியைக் கடித்துவிட்டுப் போனது. கீழே முளைத்தது ஜோராக வளர்ந்து, ஐந்து வருஷம் கழித்துக் காய்த்தது. பங்கனபள்ளிக்குப் பணம் கொடுத்துவிட்டு நார் மாங்காய் தின்றுகொண்டிருக்கிறேன். ஊறுகாய்க்கு இதுதான் தோது என்று வீட்டில் கட்சி மாறிவிட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்த நர்சரிக்காரரிடம் ரோமர் 11ஐப் படித்துக் காட்டியிருந்தால் சிரித்திருப்பார். காட்டு வேரில் நல்ல குச்சியைக் கட்டுவதுதான் தொழில். காய் குச்சியின் குணத்தில் வரும், வேரின் குணத்தில் அல்ல. பவுலோ நல்ல ஒலிவ வேரில் காட்டொலிவக் கிளையைக் கட்டுகிறார். இதில் என்ன காய்க்கும்? காட்டுக் காய்தான். தர்சு பட்டணத்துக்காரர், கூடாரம் தைக்கிறவர், தோட்ட வேலை அவருக்கு எங்கே தெரியும் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அதே நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய ரோமர் கொலுமெல்லா, காய்ப்பு நின்ற ஒலிவமரத்தில் துளை போட்டுப் பச்சைக் காட்டொலிவக் குச்சியை இறுக்கிச் செருகச் சொல்கிறார் என்று பவுலுக்காக வக்காலத்து வாங்கியவர்களும் உண்டு. இரண்டு கட்சியும் 24ஆம் வசனம் வரை பொறுமையாகப் போயிருக்கலாம். 'சுபாவத்திற்கு விரோதமாய்' என்று பவுலே சொல்கிறார். மனுஷனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. எந்தத் தோட்டக்காரனும் செய்யமாட்டான், தேவன் செய்தார் என்கிறார். நம்மைக் கட்டியதில் மரத்துக்கு லாபம் இல்லை. நல்ல ஜாதிக் குச்சி என்று யாரும் நம்மைத் தேடி வரவில்லை.

அதனால்தான் 18ஆம் வசனத்தில் அந்த அதட்டல்: 'நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்.' சில கிளைகள் முறிந்தன என்கிறாரே தவிர மரத்தைப் பிடுங்கி நம் கொல்லையில் நட்டதாகச் சொல்லவில்லை. முறிந்ததையும் திரும்ப ஒட்ட தேவனால் ஆகும் என்கிறது 23. அழைப்பு மாறாதது என்கிறது 29. உங்கள் கேள்விக்கு வசன ஆதாரம் வேண்டுமென்றால் இவ்வளவுதான்.

1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளும், அவர்களுக்கு முன் 1606இல் வந்த இத்தாலிக்காரர் நொபிலியும், பவுலின் கணக்கில் பசுமலை வாசகரைப் போல அதே காட்டுக் கிளைதான். வந்தவர்களில் பலர் அடிமரமே கப்பலேறி வந்த தோரணையில் நடந்துகொண்டது வேறு கதை. அதை ஆரம்பித்தால் வேறு சில கார்டுகள் வரும்.

புறஜாதி என்ற சொல்லிலும் எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'பிற இனத்தார்' என்று அதை மரியாதையாக மாற்றிவிட்டது. எனக்கு என்னவோ பழைய சொல்லே பிடிக்கிறது. பிரசங்கத்தில் அதைக் கேட்கும்போது நம் ஆட்கள் கோயிலுக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துக்கொள்கிறார்கள். அது நாம், ஐயா. சொல்லப்போனால் ஆபிரகாமே. ஆதியாகமம் 15இல் விசுவாசித்தார், அது நீதியாக எண்ணப்பட்டது. யூதருக்கு அடையாளமான விருத்தசேதனம் 17இல்தான், வயது 99, மகன் இஸ்மவேலுக்கே 13 ஆகியிருந்தது. இடையில் இத்தனை வருஷம் அவர் எந்த உட்பிரிவு?

அந்தியோகியாவில் சண்டை வந்ததும் இதில்தான். தத்துவத்தில் அல்ல, பந்தியில். பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து தள்ளிப் போய்விட்டார். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் இலை போட்டபின் "எனக்குப் பசியில்லை" என்று நழுவுகிறவரைப் பார்த்திருப்பீர்களே, அதே நடை. பவுல் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார் (கலாத்தியர் 2).

அப்புறம், உங்கள் கவரில் இரண்டு தாள் இருந்தன. ஒன்று இந்தக் கேள்வி. இன்னொன்று உங்கள் மகனுக்கு மணமகள் தேவை விளம்பரம்: 'இரட்சிக்கப்பட்ட பெண் தேவை. ஜாதி தடையில்லை. எங்கள் உட்பிரிவினருக்கு முனுரிமை.' பணம் வந்து சேர்ந்தது. அடுத்த இதழில் வரும். 'முன்னுரிமை'யில் ஒரு 'ன்' விட்டுப்போயிருந்தது, சேர்த்துவிட்டோம். இல்லையென்றால் பரமக்குடியிலிருந்து கார்டு வந்துவிடும்.