ஓடாத பாட்டுக்கு இம்புட்டுக் காசா?

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் உசிலம்பட்டிக்காரன், வேலை மதுரையில். போன மாதம் அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸின் ‘கோல்ட் ஃபேக்ட்’ ஆல்பத்தின் மறுபதிப்பு எல்பியை (பெரிய இசைத்தட்டு) 3,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். “வந்த காலத்துல ஓடாத பாட்டுக்கு இம்புட்டுக் காசா?” என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பாட்டெல்லாம் என் போனிலேயே இருக்கிறது. தோற்றுப்போன ஆல்பங்களைத் தேடிப் பிடித்து மறுபடி தட்டாக அடிப்பதில் அப்படி என்ன இருக்கிறது? காசுள்ளவர்களின் பொழுதுபோக்குத்தானா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பா முன்பு திருவிழாக்களுக்குக் குழாய் கட்டிப் பாட்டுப் போடும் ரேடியோ செட் வைத்திருந்தார். இரண்டு பெட்டி இசைத்தட்டுகள் பரணில் கிடக்கின்றன. ஒருவர் வந்து மொத்தமாக விலை பேசுகிறார். கொடுத்துவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஏன் என்பதை உங்கள் முதல் கேள்வி வழியாகவே சொல்கிறேன்.

அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பாட்டு எங்கே ஓடவில்லை என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். ‘கோல்ட் ஃபேக்ட்’ 1970இல் வந்தது. அமெரிக்காவில் விற்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பமும் அப்படித்தான். ரோட்ரிகஸ் டெட்ராய்டில் பழைய கட்டடங்களை இடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். அதே ஆல்பம் தென்னாப்பிரிக்காவில் வீடு வீடாக ஒலித்திருக்கிறது. பாடியவர் செத்துப்போனார் என்றே அங்கே நம்பிக்கொண்டிருந்தார்கள். தேடிக் கண்டுபிடித்து, 1998இல் மேடையேற்றினார்கள். சியாட்டிலில் உள்ள லைட் இன் தி ஆட்டிக் நிறுவனம் 2008இல் அதை மறுபடி வெளியிட்ட பிறகுதான் சொந்த நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. அவரைப் பற்றிய ஆவணப்படமும் அதற்குக் கிடைத்த ஆஸ்காரும் அதற்கும் பிறகு.

நம் ஊர் உதாரணமும் உண்டு. ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம் 1977 முதல் 1983 வரையிலான இளையராஜா பாடல்களைத் தொகுத்து ‘சொல்ல சொல்ல’ என்று வெளியிட்டது. அதை வாங்கிய வெள்ளைக்காரர்களுக்கு அது புதையல். ராஜா பிறந்த பண்ணைப்புரமோ பழைய மதுரை மாவட்டம். உங்கள் அப்பாவின் குழாய் ரேடியோவில் அந்தப் பாட்டுகள் ஓயாமல் பாடியிருக்கும். அதனால் ‘மறக்கப்பட்ட’ என்று அட்டையில் போட்டிருந்தால், யார் மறந்தது என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

எனக்கு மறுபதிப்பு முக்கியமாகப்படுவது தட்டுக்காக இல்லை, அதற்கு முன் நடக்கும் தேடலுக்காக. லிண்டா பெர்ஹாக்ஸ் கலிஃபோர்னியாவில் பல் மருத்துவமனையில் வேலை பார்த்த பெண். அங்கே சிகிச்சைக்கு வந்த ஒரு திரை இசையமைப்பாளர் அவருடைய பாட்டைக் கேட்டு, பதிவுக்கு அழைத்துப் போனார். 1970இல் ‘பேரலெலோகிராம்ஸ்’ வந்தது. ஆனால் அடித்த தட்டில் ஒலி நசுங்கிப்போயிருந்தது. ஸ்டுடியோவில் தான் கேட்டது அதில் இல்லையே என்று அவர் நொந்துபோய், பல் சுத்தம் செய்யும் வேலைக்கே திரும்பிவிட்டார். பல வருடம் கழித்து மறுபதிப்பாளர் அவரைக் கண்டுபிடித்தபோது, நல்ல ஒலியுள்ள நாடா அவரிடமே இருந்தது. அதிலிருந்து எடுத்த மறுபதிப்பில்தான் அந்தப் பாட்டுகள் அவர் நினைத்தபடி வெளியே வந்தன. 2014இல் இரண்டாவது ஆல்பமும் செய்தார். இடையில் போனவை 44 ஆண்டுகள்! வாஷ்டி பன்யன் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1970இல் ஒரு ஆல்பம், அப்புறம் பாட்டையே விட்டுவிட்டார். 2000இல் மறுபதிப்பு, 2005இல் அடுத்த ஆல்பம். கல்கத்தாவின் ரூபா பிஸ்வாஸ் பாடி 1982இல் வந்த ‘டிஸ்கோ ஜாஸ்’ ஆல்பத்தை சிகாகோவின் நியூமெரோ குரூப் 2019இல் மறுபடி கொண்டுவந்தது.

இவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கும்போதே ஒருவர் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். யார் பாடியது, யார் வாசித்தது, எந்த அறையில் பதிவானது என்று கேட்டு எழுதி, ஒப்பந்தம் போட்டு, காசு கொடுத்திருக்கிறார்கள். உங்கள் போனில் பாட்டு இருக்கிறது, சரி. அது அங்கே வந்து சேர்ந்ததே பெரும்பாலும் இப்படி ஒருவர் அலைந்ததால்தான். நீங்கள் கொடுத்த 3,500 ரூபாயில் அந்த அலைச்சலுக்கும் பங்கு உண்டு என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

எல்லா மறுபதிப்பும் அப்படி என்று சொல்ல மாட்டேன். யாரையும் கேட்காமல், பழைய தட்டை ஓடவிட்டுப் பிடித்து அடித்துவிட்டு அரிய பொருள் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பாடியவருக்கு ஒரு பைசா போகாது. அதை வாங்காதீர்கள். தட்டு என்றாலே ஒலி உயர்ந்தது என்பதையும் நம்ப வேண்டாம். இப்போது வரும் எல்பிகளில் நிறைய டிஜிட்டல் கோப்பிலிருந்து எடுத்து அடித்தவைதான்.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடக்கிறது. அந்த மேடையை ஆண்ட எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில் போய்விட்டார். ஒரு சினிமாவிலும் நடித்ததில்லை. அவர் குரல் நமக்குக் கிடைத்தது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டில் மட்டும்தான், அதுவும் யாரோ ஒருவர் வீட்டில் உடைக்காமல் வைத்திருந்ததால். உங்கள் பரணில் என்ன இருக்கிறதோ! சினிமாப் பாட்டு எப்படியும் எங்காவது கிடைத்துவிடும். பக்திப் பாட்டு, நாடகப் பாட்டு, கட்சிப் பாட்டு, கிராமியப் பாட்டு என்று படத்தில் வராத தட்டுகளைத்தான் முதலில் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

அதற்கு முன் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள், சூடு தட்டுக்கு ஆகாது. நான் ஒரு சித்திரை மாத மதியம் ஒரு எல்பியைக் காரின் பின்சீட்டில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அப்பளம் மாதிரி நெளிந்துகிடந்தது. இன்றுவரை அதற்கு இன்னொரு பிரதி எனக்குக் கிடைக்கவில்லை. படுக்கவைத்து அடுக்காமல், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். லேபிளை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். அதில் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். உறை கிழிந்துபோன தட்டை அதை வைத்து அடையாளம் காணலாம். இணையத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை இருக்கும். எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி, அது அவர்கள் மறைந்து 60 ஆண்டு வரை.

லேபிளில் பாடியவர், இசையமைத்தவர் பெயர் இருக்கும். தவில் யார், கிளாரிநெட் யார் என்று பெரும்பாலும் இருக்காது. அப்பாவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. எந்தத் தட்டை எந்த ஊர்த் திருவிழாவில் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள், எதைப் போட்டதும் கூட்டம் எழுந்து நின்றது என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொரு தட்டாகக் கையில் கொடுத்து அவரைப் பேசவிட்டு, போனில் பதிந்துகொள்ளுங்கள். விலை பேசுகிறவர் பெட்டியைத்தான் கேட்கிறார், அப்பாவை அல்ல.

பதிந்து முடித்த பிறகு விற்பதானால் அது உங்கள் வீட்டு முடிவு. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உசிலம்பட்டிக்கு வரட்டுமா? என் ப்ளேயரில் 78 சுற்றும் ஓடும், அதற்கான தனி ஊசியும் இருக்கிறது. கொண்டுவருகிறேன். அப்பாவுக்கு எந்த வாரம் சௌகரியம் என்று கேட்டு எழுதுங்கள்.