கடலில் இறங்கிய மறுநாளே மலை ஏறலாமா?

கேள்வி: அம்மா, எனக்கு வயது 20. விழுப்புரத்தில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தேர்வு முடிந்ததும் தோழிகள் மூவருடன் ஒரு வார இறுதிக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங், இரண்டு முறை கடலுக்குள் இறங்குகிறோம். பகல் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். அன்று இரவே பஸ் பிடித்து ஞாயிறு விடியலில் கொடைக்கானல். வட்டக்கானலில் இருந்து கீழே உள்ள வெள்ளகவி கிராமம் வரை நடந்து போய், மாலைக்குள் மேலே வந்து, இரவு பஸ்ஸில் ஊர் திரும்புகிறோம். எல்லாம் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். உள்ளூர் அண்ணன் ஒருவர் வழிகாட்ட வருகிறார். சிக்கல் என் அம்மாதான். சிறு வயதில் எனக்கு வீசிங் இருந்தது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பெரிதாக வந்ததில்லை, பனிக்காலத்தில் எப்போதாவது இன்ஹேலர் எடுப்பதோடு சரி. போதாததற்கு, ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று ஜோசியர் எழுதி வைத்திருக்கிறார். தோழி வீட்டில் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாமா? டைவிங் படிவத்தில் ஆஸ்துமா உண்டா என்று கேட்கிறார்கள். 'இல்லை' என்று போடு, யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறாள் தோழி. நீச்சல், பாட்டி ஊர்க் கிணற்றில் கற்றது. கண்ணாடி வேறு போடுகிறேன், கடலுக்குள் கண் தெரியுமா?
பெயர் வேண்டாம், விழுப்புரம்

பதில்: அன்பு மகளுக்கு,

கடிதத்தில் பாதி அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். படித்தபோது எனக்கு முதலில் உறுத்தியது அந்த இரவு பஸ்தான். அதை ஒரு வரியில் கடந்து போய்விட்டாய். எனவே அம்மாவைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் இருந்து தொடங்குகிறேன்.

டைவிங் சிலிண்டரில் ஆக்சிஜன் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதில் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கும் அதே காற்றுதான், வடிகட்டி அழுத்தி அடைத்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். கரையில் அது நம்மை எதுவும் செய்வதில்லை, உள்ளே போய் அப்படியே வெளியே வந்துவிடும். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உன் மேல் உள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து தங்கிவிடுகிறது. மேலே வந்த பிறகு மூச்சின் வழியே மெல்ல வெளியேறும், ஆனால் அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். கோலி சோடாவில் குண்டைத் தட்டியதும் புஸ்ஸென்று பொங்குகிறதே, வெளியழுத்தம் சட்டென்று குறைந்தால் உடம்புக்குள்ளும் அதுபோல் குமிழ் கட்டலாம். மூட்டில் வலி, தோலில் தடிப்பு, கைகால் மரத்துப்போவது, காரணமில்லாத அசதி என்று அது தலைகாட்டும். மோசமானால் தண்டுவடத்தையே தாக்கும்.

டைவிங் முடித்த கையோடு விமானம் ஏறக்கூடாது என்பது இதனால்தான். பறக்கும் விமானத்தின் உள்ளே, ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குத்தான் காற்றழுத்தம் வைத்திருப்பார்கள். கொடைக்கானல் எவ்வளவு உயரம்? சுமார் ஏழாயிரம் அடி. நீ விமானம் ஏறவில்லை, ஆனால் அதே உயரத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாய், பஸ்ஸில்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு டைவிங் மருத்துவத்தில் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. ஒரே ஒரு முறை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட முறை இறங்கினால் குறைந்தது 18 மணி நேரம் உயரத்துக்குப் போகாதே என்பது அவர்கள் வழிகாட்டுதல். நீ இறங்கப்போவது இரண்டு முறை. பகல் ஒரு மணிக்குக் கரையேறுகிறாய். திண்டுக்கல் வரை சமவெளி, பயமில்லை. அதிகாலை நான்கு மணிவாக்கில் பஸ் மலைப்பாதையில் திரும்பும்போது 15 மணி நேரம்தான் ஆகியிருக்கும். 'நடக்கத் தொடங்க ஏழு மணி ஆகிவிடும், 18 சரியாக வந்துவிடுகிறதே' என்று நீ வாதாடலாம். கணக்கு முடிவது நீ நடக்கத் தொடங்கும்போது இல்லை, பஸ் மலையேறத் தொடங்கும்போது. தவிர, 18 என்பது குறைந்தபட்சம். தூக்கமில்லாத இரவு, தண்ணீர் குடிக்காத பயணம் (இரவு பஸ்ஸில் பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை), அதன் மேல் கடும் நடை என்று எல்லாம் சேர்ந்தால் இன்னும் தள்ளிப் போடுவதே நல்லது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஞாயிறு மாலை உனக்கு முழங்கால் வலிக்கும், உடம்பெல்லாம் அசதியாக இருக்கும். அது நடந்த வலியா, நைட்ரஜன் செய்த வேலையா? உனக்கும் தெரியாது, கொடைக்கானலில் யாரிடம் காட்டினாலும் 'மலை ஏறினால் கால் வலிக்காதா அம்மா' என்று தைலத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தக் குமிழ் நோய்க்கு உண்மையான சிகிச்சை, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழைச் சுருக்கும் அழுத்த அறை. அது ஊருக்கு ஊர் கிடையாது.

ஆகவே ஒன்றை இந்த வாரம், மற்றொன்றை இன்னொரு வாரம் வைத்துக்கொள். ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால் முதலில் மலை, பிறகு சமவெளியில் ஒரு நாள் முழு ஓய்வு, அதன் பிறகு கடல்.

இனி அந்தப் படிவம்.

உன் தோழி சொல்வது உண்மைதான், யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் அது ஆபத்து. உன்னை அழைத்துப் போகிற பயிற்றுநருக்கு உன் நுரையீரலைப் பற்றித் தெரிய அந்தக் காகிதத்தை விட்டால் வேறு வழியில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, நீ மேலே வரும்போது இரண்டு பங்காக விரியும். ஸ்கூபாவில் 'மூச்சை அடக்காதே' என்று முதல் பாடமாகத் தலையில் அடித்துச் சொல்வது இதற்காக. தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்கு குளித்தவர்கள் மூச்சை அடக்கித்தான் இறங்கினார்கள், அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் நெஞ்சில் இருந்தது கரையில் இழுத்த காற்று, மேலே வந்தால் பழைய அளவுக்குத்தான் திரும்பும். நீ இழுப்பது ஆழத்தில் அழுத்தத்தோடு வரும் காற்று. மூச்சுக்குழாய் இறுகியோ சளி அடைத்தோ இருந்தால், நீ அடக்காவிட்டாலும் காற்று ஏதோ ஒரு மூலையில் சிக்கிக்கொள்ளும். விரிகிற காற்றுக்கு வழியில்லை என்றால் நுரையீரல் கிழியும்.

ஆஸ்துமா இருந்தவர் எவருமே கடலில் இறங்கக்கூடாது என்று முன்பு கறாராகச் சொன்னார்கள். இப்போது ஆளைப் பொறுத்து முடிவு செய்கிறார்கள். ஆனால் நீ போகிறபோக்கில் எழுதிய 'பனிக்காலத்தில் எப்போதாவது இன்ஹேலர்' என்பதை மருத்துவர் அப்படிக் கடந்து போகமாட்டார். சிலிண்டரில் இருந்து வரும் காற்றில் ஈரமே இருக்காது, குளிர்ச்சியாகவும் இருக்கும். உனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே முக்கால் மணி நேரம் இழுக்கப்போகிறாய். நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் போ. குழாயில் ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்வார்கள், அதில் பயமொன்றும் இல்லை. படிவத்தையும் எடுத்துப் போய் அவர் கையெழுத்தோடு வா. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மாஸ்க் போட்டு நீர் மேல் மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்க்லிங் இருக்கிறது. அதில் சிலிண்டர் காற்றே கிடையாது என்றாலும், அதையும் அவரிடம் கேட்டுக்கொள்.

பிறருக்குச் சொல்வது எளிது என்று நினைக்காதே. நான் டைவிங் கற்றது 44 வயதில். முதல் கடல் நாளன்று மூக்கடைப்பு. கட்டிய பணம் போகிறதே என்று பயிற்றுநரிடம் சொல்லவில்லை. நான்கு மீட்டரில் இடது காது குத்தியது. காதின் அழுத்தம் சமனாக மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன், திறக்கவில்லை. அப்போதாவது கையைக் காட்டி மேலே வந்திருக்கலாம். வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கீழே போனேன். செவிப்பறை காயம்பட்டு ஆறு வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்றார் மருத்துவர். மீதமாகியிருக்க வேண்டிய பணத்தைப் போல மூன்று மடங்கு மருந்துக்குப் போயிற்று.

இப்போது அம்மா. ஜாதகத்தில் உள்ள கண்டத்தைக் கணிக்க எனக்குத் தெரியாது, அதற்குப் பதில் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் வீசிங் பற்றி அவர் பயப்பட்டது சரி என்று மேலே நானே எழுதிவிட்டேன். அதனால் பொய் சொல்லிக் கிளம்பும் யோசனைக்கு என் ஓட்டு கிடையாது. அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர்கள், படகில் கயிற்றைப் பிடிக்க மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் வைப்பார்களாம். தன் அக்காளோ தங்கையோ தாலி அறுப்பதை அவன் விரும்ப மாட்டான், கயிற்றில் கண்ணாக இருப்பான் என்ற கணக்கு. உன் கயிறு யார் கையில் இருக்கிறது? உனக்கு ஏதாவது ஆனால் முதல் போன் யாருக்குப் போகும்? தோழி வீட்டில் படித்துக்கொண்டிருப்பதாக நம்பும் ஒருவருக்கு.

மருத்துவர் சம்மதித்தால், அம்மாவைக் கூட்டிக்கொண்டு முன்னதாக ஒருநாள் புதுச்சேரிக்குப் போய் வா. விழுப்புரத்தில் இருந்து எவ்வளவு தூரம், ஒரு மணி நேரம். டைவிங் பள்ளியில் உட்காரவைத்து அவரையே கேட்கவிடு. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா? கடல் கலங்கியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, அல்லது எப்படியாவது இறக்கிவிடுவார்களா? காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற பெண்கள் இதையெல்லாம் என்னைவிட நன்றாகக் கேட்பார்கள். பதில் மழுப்பலாக வந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

மலையைப் பற்றிக் கொஞ்சம். அந்த 'உள்ளூர் அண்ணன்' வனத்துறை அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உன்னைப் போல வார இறுதியில் நடக்கப் போனவர்கள்தான். அதன் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு தொடங்கியது, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் வருவார்கள். நீ நினைக்கும் பாதைக்கு அனுமதி கிடைக்காவிட்டால், கிடைக்கிற பாதையில் நட. காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 'எனக்குத் தெரிந்த வழி இருக்கிறது' என்று யாராவது சொன்னால் அவரோடு போகாதே.

வெள்ளகவிப் பாதையின் வஞ்சகம், அது முதலில் இறங்குகிறது. ஏறும் மலையில் களைத்தால் திரும்பிவிடலாம், இறக்கம் உன் கையில். இங்கே உற்சாகமாக இறங்கிப் போய்விட்டு, வெயிலும் பசியும் ஏறிய பிறகுதான் ஏற்றம் தொடங்கும். இறங்க ஆன நேரத்தைப் போல ஏற இரண்டு பங்கு வைத்துக்கொள். பகல் பன்னிரண்டு மணி ஆனால் எங்கே இருந்தாலும் திரும்பு. மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தெரியாது, காட்டெருமை நின்றாலும் தெரியாது. எதிரே வந்தால் படம் எடுக்காமல் விலகி வழிவிடு. ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், இன்ஹேலர் பையின் அடியில் இல்லாமல் சட்டைப்பையில். வெள்ளகவியில் ஊருக்குள் செருப்புப் போடும் வழக்கம் இல்லை, எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்.

கிணற்று நீச்சலைப் பற்றிக் கூச்சப்படாதே, அதில் கற்றவர்களுக்கு ஆழத்தைக் கண்டு பயம் குறைவு. ஒருநாள் அறிமுக டைவுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆழம் 12 மீட்டரைத் தாண்டாது. பிறகு முறையான சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தால் 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் சொல்வார்கள். கிணற்றில் 200 மீட்டர் என்றால் எத்தனை சுற்றோ, இப்போதே தொடங்கு. அதை முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம்.

கடைசியாகக் கண்ணாடி. மாஸ்க்குக்குள் போட முடியாது, காது வழியே போகும் கம்பி தண்ணீரை உள்ளே விட்டுவிடும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடலாம், பவர் வைத்த மாஸ்க்கும் கிடைக்கிறது. பவர் குறைவு என்றால் எதுவும் இல்லாமலே சமாளித்துவிடுவாய். தண்ணீருக்குள் எல்லாமே கிட்டத்தில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். நீ பார்த்த மீனின் அளவை அம்மாவிடம் சொல்லும்போது மட்டும் அதைக் கழித்துக்கொள்.