பழைய கேசியோவில் பாதி எண்தான் தெரிகிறதா? டிஸ்ப்ளேவைக் கைவிடும் முன் ரப்பர் பட்டையைத் துடைத்துப் பாருங்கள்

மும்பை செம்பூரில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அப்பா 80களில் துபாயில் இருந்து வாங்கி வந்த கேசியோ டிஜிட்டல் வாட்ச். புது பேட்டரி போட்டும் 8 எல்லாம் 6 மாதிரித் தெரிகிறது, நிமிடத்தில் சில கோடுகள் வருவதே இல்லை. பின்மூடியை அழுத்திப் பிடித்தால் வருகிறது, விட்டால் போய்விடுகிறது. கடையில் டிஸ்ப்ளே போய்விட்டது, பார்ட்ஸ் கிடைக்காது என்கிறார்கள். காப்பாற்ற வழி உண்டா?”

உண்டு. அழுத்தினால் கோடு வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நல்ல செய்தி. டிஸ்ப்ளே செத்திருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் வராது, இங்கே விட்டுப்போனது கான்டாக்ட் மட்டும்தான்.

இந்த வாட்சுகளில் எல்சிடி கண்ணாடியை சர்க்யூட் போர்டோடு சால்டர் செய்திருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் பட்டை இருக்கும், மின்சாரம் கடத்தும் அடுக்கும் கடத்தாத அடுக்கும் மாறி மாறி வருவதால் அதற்கு ஜீப்ரா ஸ்ட்ரிப் என்று பெயர். அதைப் பிடித்து வைத்திருப்பது வெறும் அழுத்தம்தான். வருடக்கணக்கில் ரப்பர் தளரும், வியர்வையும் மும்பை மழைக்கால ஈரமும் உள்ளே இறங்கும், பழைய பேட்டரி கசிந்திருந்தால் அந்த உப்பும் படியும், எங்கோ ஒரு இடத்தில் தொடர்பு விட்டுப்போகும். ஒரே இணைப்பு பல கோடுகளுக்குப் பொதுவாக இருப்பதால், ஒரு இடத்தில் விட்டாலும் பல எண்களில் சேர்ந்தாற்போல் கோடுகள் காணாமல் போகும். அதைப் பார்த்துத்தான் டிஸ்ப்ளே முழுக்கப் போய்விட்டது என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள்.

கொட்டுகிற மழை நாளில் வாட்சைத் திறக்காதீர்கள், ஏசி அறையில் திறந்தால் நல்லது. பின்மூடியை எடுக்கும்போது சின்ன ஸ்பிரிங் ஒன்று துள்ளி விழலாம், அலாரம் சத்தம் அதன் வழியாகத்தான் வருகிறது, அது தொலைந்தால் வாட்ச் ஊமை. அதனால் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வைத்து வேலை செய்யுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றி, மாட்யூலின் (டிஸ்ப்ளேயும் போர்டும் சேர்ந்த உள் பகுதி) ஓரத்துக் கொக்கிகளை மெதுவாக விடுவித்தால் கண்ணாடியும் ஜீப்ராவும் தனியாக வரும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை (லேமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்) நூல் உதிராத துணியில் லேசாகத் தொட்டு, பட்டையின் இரண்டு விளிம்புகளையும் போர்டின் தங்க நிறப் பட்டைகளையும் துடையுங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்பு பூத்திருந்தால் முதலில் ஒரு சொட்டு வினிகர், அப்புறம் ஆல்கஹால். கண்ணாடியின் ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய கடத்திப் பூச்சு இருக்கிறது, அதைச் சுரண்டவே கூடாது, மெல்ல ஒரு முறை துடைத்தால் போதும். அசிட்டோன், தின்னர் பக்கம் போகவே வேண்டாம், மேலே ஒட்டியிருக்கும் போலரைசர் படலம் (எண்களைக் கறுப்பாகக் காட்டும் ஒளி வடிகட்டி) கரைந்துவிடும். சுத்தம் செய்த இடத்தை மறுபடி விரலால் தொடாதீர்கள்.

ஜீப்ராவைத் திரும்ப வைக்கும்போது தலைகீழாக வைத்துப் பாருங்கள், தேயாத பக்கம் கண்ணாடியோடு சேரும். அதன் கோடுகள் மிகவும் நுணுக்கமானவை, இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும் என்பதில்லை. அப்படியும் ஒரு ஓரம் விட்டுப்போனால், கண்ணாடியின் ஓரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் எண்களை மறைக்காதபடி மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகினால் அழுத்தம் கூடும். பேட்டரி போட்ட பிறகு, மாட்யூலில் AC (ஆல் கிளியர்) என்று ஆங்கிலத்தில் குறித்த இடத்தையும் பேட்டரியின் பிளஸ் பக்கத்தையும் உலோக இடுக்கியால் இரண்டு விநாடி சேர்த்துத் தொடுங்கள், அதுதான் ரீசெட். மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் பல மாடல்களில் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் எரியும், எது இன்னும் விடுபட்டிருக்கிறது என்று அதில் பார்த்துவிடலாம்.

கோடுகள் எல்லாம் வந்தும் மங்கலாக இருக்கிறதா? பேட்டரியைப் பாருங்கள். எஸ்ஆர் வகை (சில்வர் ஆக்சைடு) போட வேண்டிய இடத்தில் விலை குறைந்த எல்ஆர் (ஆல்கலைன்) போட்டிருப்பார்கள். எஸ்ஆர் கிட்டத்தட்ட கடைசி வரை 1.55 வோல்ட் அருகிலேயே நிற்கும், எல்ஆரின் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும்.

டிஸ்ப்ளே பழுப்பாகவோ குமிழ் விட்டோ இருந்தால் அது போலரைசர் படலத்தின் கோளாறு. மேல் படலத்தைப் பிளேடால் உரித்து, பசையை எடுத்து, புது ஷீட் ஒட்டலாம், பொறுமைதான் வேண்டும். வெட்டுவதற்கு முன் ஷீட்டை டிஸ்ப்ளே மேல் வைத்துச் சுற்றிப் பாருங்கள், 90 டிகிரி மாறினால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எண்ணாகிவிடும்.

ஓரத்தில் மை கொட்டியது போல் கருமை பரவியிருந்தால் மட்டும் கண்ணாடியின் சீல் உடைந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய முடியாது. அப்போதும் பின்மூடியில் பொறித்திருக்கும் மூன்று அல்லது நான்கு இலக்க மாட்யூல் எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய பொருள்கள் விற்கும் சோர் பஜார் பக்கம் அதே எண் உள்ள வாட்சைத் தேடுங்கள். மாடல் பெயர் வேறாக இருந்தாலும் மாட்யூல் எண் ஒன்றாக இருக்கலாம், எஃப்-91டபிள்யூவிலும் ஏ158டபிள்யூவிலும் இருப்பது 593தான். ஸ்ட்ராப் அறுந்து பட்டனும் உடைந்த வாட்சாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணாடி கறுக்காமல் இருந்தால் வாங்கிவிடுங்கள்.