முப்பது கோடி திருடியவள் கதை மட்டும்தான் கதையா?

கேள்வி: நீங்கள் பாருங்கள் என்று சொன்ன ‘சுய்கா’ ஜப்பானியத் தொடரில் ஐந்து எபிசோட் பார்த்துவிட்டேன். ஒரு பழைய வீட்டில் நாலு பெண்கள் சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், தூங்குகிறார்கள். வேறு எதுவும் நடக்கவில்லை. வங்கியில் முப்பது கோடி யென்னைச் சுருட்டிக்கொண்டு ஓடிய பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் கதையை விட்டுவிட்டு ஏன் இந்த வீட்டையே காட்டுகிறார்கள்? ஜப்பானிலேயே இது ஓடவில்லையாமே?

பதில்: எதுவும் நடக்கவில்லையா? தொடக்கத்திலேயே பெரிய காரியம் ஒன்று நடந்துவிடுகிறதே! தொடரின் நாயகி மோட்டோகோவுக்கு வயது 34. கல்யாணம் ஆகவில்லை. வங்கி வேலை, வேலை விட்டால் அம்மா வீடு. அந்த வீட்டைவிட்டு அவள் கிளம்புகிறாள். காதலன் யாரும் கூப்பிடவில்லை, வேலை மாற்றலும் இல்லை. டோக்கியோவில், ஷிபுயாவுக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிற சாங்கென்ஜாயாவில், சாப்பாட்டோடு அறை வாடகைக்குவிடும் ‘ஹேப்பினஸ் சாஞ்சா’ என்ற வீட்டில் போய்த் தங்குகிறாள். அவ்வளவுதான். அதற்கே அவளுக்கு 34 வருஷம் ஆகியிருக்கிறது.

அன்றைய ஜப்பானில் இது சின்ன விஷயமாக இருக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் பெற்றோர் வீட்டிலேயே தங்கிவிட்டவர்களை ‘ஒட்டுண்ணிகள்’ என்று சொல்லும் பேச்சை 1999இல் மசாஹிரோ யமாதா என்ற சமூகவியலாளர் கிளப்பிவிட்டார், அது நாடெங்கும் பரவியது. 2003 ஜூலையில் நிப்பான் டிவியில் ‘சுய்கா’ தொடங்கியபோது மோட்டோகோ மாதிரிப் பெண்கள் அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தார்கள். தொடர் அவளைத் திட்டவும் இல்லை, பாவம் பார்க்கவும் இல்லை. அந்த வீட்டில் பல காலமாகக் குடியிருக்கும் பேராசிரியை ஒருவர், நீ இங்கே இருக்கலாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார். (அவர் பேசும் வேறு சில இடங்கள் பாடம் நடத்துவதுபோல நீள்கின்றன. அது குறைதான்.)

சரி, உங்கள் திருடிக்கு வருகிறேன். பாபாச்சான் மோட்டோகோவோடு வேலை பார்த்த தோழி. இருவரும் அதே வங்கியில், அதே சலிப்பில் வருஷங்களைக் கழித்தவர்கள். ஒருத்தி பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், இன்னொருத்தி வாடகை கொடுத்து ஒரு அறை பிடித்தாள். அவளைத் தேடிப் போலீஸ் வருகிறது, இவளைத் தேடி அம்மா வருகிறாள். கிசாரா இசுமி என்ற ஒரே புனைபெயரில் சேர்ந்து எழுதும் கணவனும் மனைவியும் வேண்டுமென்றேதான் இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் பாபாச்சான் பின்னால் கேமராவோடு ஓடியிருப்பார்கள். அவள் எந்த ஹோட்டலில் ஒளிந்தாள், யாரை ஏமாற்றினாள் என்று பத்து எபிசோடும் நிரம்பியிருக்கும். அதையெல்லாம் நாம் எத்தனை முறை பார்த்தாயிற்று!

பத்தாவது எபிசோடை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற தொடர் இல்லை இது. பாபாச்சான் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறாள். எல்லோரும் காலைச் சாப்பாடு முடித்து எழுந்து போயிருக்கிறார்கள். தட்டுகளில் உமெபோஷிக் கொட்டைகள் கிடக்கின்றன. உப்பில் ஊறிய புளிப்புப் பழம், சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. ஆளுக்கொரு கொட்டை. குடித்தனம் என்றால் இதுதான் என்று அப்போது தோன்றியதாகப் பிறகு மோட்டோகோவிடம் சொல்கிறாள். முப்பது கோடியை வைத்துக்கொண்டிருப்பவள் பொறாமைப்படுவது அந்தத் தட்டுகளைப் பார்த்து! முதல் ஒன்பது எபிசோடிலும் நாம் அந்த மேசையில் உட்காராமல் இருந்திருந்தால் இந்த இடம் நமக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. சும்மா சாப்பிடுகிறார்கள் என்று நீங்கள் தள்ளிவிட்ட காட்சிகள் எல்லாம் இதற்காகத்தான் சேர்ந்துகொண்டே வந்தன.

ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள் ‘ஏதாவது நடந்தே ஆக வேண்டும்’ என்ற ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் ஜப்பான் பார்த்துவிட்டது. ஆறு இளைஞர்களை ஒரு வீட்டில் தங்கவைத்துப் படம்பிடித்த ‘டெரஸ் ஹவுஸ்’ நிகழ்ச்சியை அறிந்திருப்பீர்கள். அதில் இருந்த மல்யுத்த வீராங்கனை ஹானா கிமுரா, தன் மேடை உடை துவைக்கும்போது பாழானதற்காகக் கூடத் தங்கியிருந்தவரிடம் கோபப்பட்டார். எந்த வீட்டிலும் மறுநாள் ஆறிப்போகிற சண்டை. அது ஒளிபரப்பானதும் முன்பின் தெரியாதவர்கள் அவர்மேல் வசையாகக் கொட்டினார்கள். 2020 மே மாதம், 22 வயதில், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நிகழ்ச்சியும் நின்றது. அது நிஜ மனிதர்கள், இது கதை என்பீர்கள். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப்பார்த்து, சண்டை எங்கே என்று தேடுகிற கண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ‘சுய்கா’ அந்தக் கண்ணுக்குத் தீனி போட மறுக்கிறது. எனக்கு அதன்மேல் இவ்வளவு மரியாதை வந்ததற்கு அது ஒரு காரணம்.

அப்புறம் அந்த வீட்டில் இருப்பவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். படித்துக்கொண்டே வீட்டையும் நடத்துகிற யுகா. ஆபாசக் காமிக்ஸ் வரைந்து பிழைக்கிற, இரட்டைச் சகோதரியைப் பறிகொடுத்த கிசுனா. இவர்கள் யாரும் யாருக்கும் உறவில்லை. ஒருவரை ஒருவர் திருத்தவும் முயல்வதில்லை.

ஓடவில்லை என்றீர்கள். உண்மை, அந்தக் கோடையில் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் தொலைக்காட்சி எழுத்துக்கு ஜப்பானில் மதிப்பாகக் கருதப்படும் முகோதா குனிகோ விருது இந்தத் தொடருக்குத்தான் வந்தது. அதே நிப்பான் டிவி, அதே சனிக்கிழமை இரவு ஒன்பது மணியை, 2005இல் மறுபடியும் இந்தத் தம்பதிக்கே கொடுத்தது. அப்போது அவர்கள் எழுதிய ‘நொபுதா வோ புரொடியூஸ்’ பெரிய வெற்றி. உங்களுக்கு இன்னும் ஐந்து எபிசோட் மிச்சம் இருக்கிறது. பார்த்து முடித்த பிறகும் பாபாச்சான் கதைதான் வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், அப்படியே பிரசுரிக்கிறேன்.